தொண்ணூற்றாறு குழிகள்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, தரைத்தளம், கடைசி அறை.
இங்கே ஏசி ஓடுவது எங்களுக்காக அல்ல,
ரத்தத்துக்காக.

முப்பிடாதி, இருபத்தாறு, முக்கூடல்.
குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டே கேட்கிறேன்:
எத்தனை?
"மூணு."
எந்தெந்த மாசம்?
"ஒண்ணு, தெரிஞ்ச வாரமே போயிட்டு.
ஒண்ணு மூணாம் மாசம்.
இதுக்கு நகம் இருந்துச்சுக்கா."

வாரம் எழுதப் படிவத்தில் கட்டம் உண்டு.
நகம் எழுத இல்லை.
இருபது என்று எழுதினேன்.

கையை நீட்டுகிறாள்.
பீடி முனை மடக்கி மடக்கி
கட்டைவிரல் நகம் மழுங்கிக் கிடக்கிறது.
நரம்பு கிடைக்க இரண்டு குத்து.
இரண்டுக்கும் அவள் முகம் அசையவில்லை.

வீட்டில் பூனை உண்டா?
அவள் வாய் திறக்குமுன் கதவோரத்திலிருந்து
வண்டிமலையான் சொன்னான்:
"சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கரை கொண்டுபோயாச்சு.
செல்போன்ல வாசிச்சாவ, பூனைதான் காரணம்னு."

சீட்டில் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
டாக்ஸோபிளாஸ்மா. சைட்டோமெகலோ.
ருபெல்லாவில் நின்றாள்.
"இது பாளையங்கோட்டை டீச்சர் பேரு மாதிரில்லா இருக்கு."
சிரித்தோம், இரண்டு பேரும்,
பிறகு சிரித்ததற்காக
ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை தட்டு நிறையும்.
சுழன்று தெளிந்த ரத்தம் பதனீர் நிறத்தில் மேலே நிற்க
ஒவ்வொரு சொட்டாக ஒவ்வொரு குழிக்கும்.
கடையத்துக்காரி, களக்காட்டுக்காரி,
மேலப்பாளையத்து மைமூன், நாங்குநேரி ஜெபக்கனி,
சாதி சமயம் பாராமல் ஒரே பிளாஸ்டிக்கில்.
முதலில் நீலம் வரும்.
அமிலம் விட்டால் மஞ்சள்.
அவ்வளவுதான் அந்தக் கிருமிகளின் முகம்;
வேறு யாரும் பார்த்ததில்லை.

முப்பிடாதியின் குழி மஞ்சளானது.
பாசிட்டிவ்.
இதே வார்த்தைக்குத்தான் மாசியில்
இரண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டு
கழிப்பறைக்குள் வாயைப் பொத்திச் சிரித்திருப்பாள்.

விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
சொன்னேன்.
இது பழைய சுவடு, முப்பிடாதி.
புதுசு என்றால் இன்னொரு குழியும் நிறம் மாறியிருக்கும்,
அது மாறவில்லை.
எப்போதோ வந்திருக்கிறது. சின்ன வயதில்கூட இருக்கலாம்,
கழுவாத கீரையில், வேகாத கறியில், மண்ணில்.
ரத்தம் மறக்காது,
ஆனால் தேதி போட்டு வைக்காது.
மூணும் இதனால்தானா என்றால்
இதனால் இருக்காது என்றுதான் டாக்டர் சொல்லுவார்.
"அப்ப எதனால?"

ஏழு வருஷத்துக்கு முன்
எச் வரிசை, பன்னிரண்டாம் குழி.
பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டி
என் குழாயிலிருந்தும் ஒரு சொட்டு விட்டேன்.
எல்லோரும் சாப்பிடப் போன நேரம்.
நிறமே மாறவில்லை.
அந்தத் தெளிந்த தண்ணீரை
எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ.
மஞ்சளாகவாவது ஆகியிருக்கலாம்.

இதை அவளிடம் சொல்லவில்லை.
டாக்டரைப் பாரு, பதினேழாம் நம்பர் அறை, என்றேன்.

ரிப்போர்ட்டை மடித்தாள். நான்காக, எட்டாக,
ஓரங்களை உள்ளே தள்ளி,
நூல் இருந்தால் சுற்றியிருப்பாள்.
"பக்கத்து வீட்டு வெள்ளாடு
போன வருசம் ரெண்டு தரம் குட்டி வீசிட்டு.
ஆட்டை யாரும் ஏசலைக்கா.
புண்ணாக்குல்லா கூடுதலா வச்சாவ."

வண்டிமலையான் முன்னால் வந்தான்.
"அப்ப பூனை செய்யலையா?"
செஞ்சதுன்னு இதுல எழுதலை, என்றேன்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.
வந்ததிலிருந்து முதல் தடவையாக.
"சாக்கு வாயை அவுத்துத்தான விட்டிய?"

அவன் குனிந்து
வாசலில் செருப்பைத் தேடினான்.